கடைத்தெருவும் கடன் சீட்டும்: 1950களின் அமெரிக்கச் சிறுநகரம்

1950களில் அமெரிக்கச் சிறுநகரங்களில் கடைக்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தார், கையில் காசு இல்லாதவருக்கும் சரக்குக் கொடுத்தார், யாரும் வீட்டுக் கதவைப் பூட்டவில்லை என்றெல்லாம் அங்குள்ள முதியவர்கள் சொல்வது உண்மையா, அல்லது வயதான காலத்து ஏக்கமா, உண்மையென்றால் அது ஏன் மறைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பகுதி உண்மைதான். ஆனால் அன்றைய மனிதர்கள் இன்றைய மனிதர்களைவிட நல்லவர்கள், அதனால் அப்படி வாழ்ந்தார்கள் என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று வியாபாரம் நடந்த முறையில், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரு ராத்தல் சர்க்கரைகூட கைமாற வழியில்லாமல் இருந்தது. கடனுக்குக் கொடுப்பது, சரக்கு வீடு தேடி வருவது, எந்தக் கடையில் வாங்கினாலும் பல பொருள்களுக்கு ஒரே விலை இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த அறிமுகத்தை உண்டாக்கின. அவை ஒவ்வொன்றாகக் கழன்றபோது பழக்கமும் கழன்றது. அதே அறிமுகம் ஒரு பகுதி மக்களுக்குக் கதவை அடைக்கவும் பயன்பட்டது; அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதிப் பதிலாகவே இருக்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஒரு கவுன்ட்டியின், அதாவது மாவட்டம் போன்ற உட்பிரிவின், தலைநகர் என்றால், நடுவில் நீதிமன்றக் கட்டடமும் அதைச் சுற்றிய புல்வெளியும், அந்தச் சதுக்கத்தின் நான்கு பக்கமும் இரண்டு மாடிச் செங்கல் கட்டடங்களும் இருக்கும். கீழே கடைகள், மேல்மாடியில் பல் மருத்துவரும் வழக்கறிஞரும், சில இடங்களில் சங்கக் கூடமும் இருப்பார்கள். மளிகைக் கடை, மருந்துக் கடை, இரும்புச் சாமான் கடை, துணிக்கடை, முடிதிருத்தகம், வங்கி, உணவு விடுதி, திரையரங்கு, வார இதழ் ஒன்றின் அச்சகம், ஊர் எல்லையில் தானியக் கிடங்கு என்று, ஒரு மனிதருக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை தேவைப்படுவதில் பெரும்பங்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. மரச்சாமான் விற்றவரே சவப்பெட்டியும் செய்து இறுதிச் சடங்குகளையும் நடத்தியது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது; கட்டில் செய்யும் தச்சுப் பட்டறையில்தான் சவப்பெட்டியும் உருவானது என்பதே அதற்குக் காரணம்.

இப்படிப்பட்ட ஓர் ஊர் எப்படி இயங்கியது என்பதை அறிய நமக்கு அரிய ஒரு சான்று இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரோஜர் பார்க்கரும் அவருடன் பணியாற்றிய ஹெர்பர்ட் ரைட்டும் 1947இல் அந்த மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற ஊரில் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கி, குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார்கள். ஜெபர்சன் கவுன்ட்டியின் தலைநகரான அந்த ஊரில் அப்போது சுமார் 700 பேர்தான் இருந்தார்கள். 1972 வரை நடந்த அந்த ஆய்வில் அவர்கள் யாரையும் சோதனைக் கூடத்துக்கு அழைக்கவில்லை. மருந்துக் கடை, தேவாலயம், பள்ளி, அஞ்சலகம், முடிதிருத்தகம் என ஒவ்வோர் இடத்திலும் என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், யார் என்ன பொறுப்பைச் சுமக்கிறார்கள் என்பதை எண்ணி எழுதினார்கள். 1949 ஏப்ரல் 26 அன்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரை செய்ததையும் சொன்னதையும், பார்வையாளர்கள் முறைவைத்துப் பின்தொடர்ந்து, நிமிடம் விடாமல் பதிவு செய்தார்கள்.

பார்க்கர் கண்டடைந்த உண்மை எளியது. ஆனால் உங்கள் கேள்விக்கு அதுதான் திறவுகோல் என்று நினைக்கிறேன். ஊர் சிறியதாக இருந்தாலும் அது நடத்த வேண்டிய காரியங்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைவதில்லை. பள்ளி நாடகத்துக்கு நடிகர் வேண்டும், தேவாலயப் பாடகர் குழுவுக்குக் குரல் வேண்டும், தீயணைப்புக்கு ஆள் வேண்டும், நகர மன்றத்துக்கு உறுப்பினர் வேண்டும். ஆள் பற்றாத ஊரில் ஒருவர் பல வேடம் போட்டே ஆக வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் திறமை குறைந்தவர்களும்கூடத் தேவைப்பட்டார்கள். இரும்புச் சாமான் கடைக்காரர் சங்கு ஊதியதும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தீயணைப்பு வண்டிக்கு ஓடுவார், ஞாயிறன்று வேதபாட வகுப்பு எடுப்பார், செவ்வாயன்று பள்ளிக் குழுவில் உட்கார்வார். அவரிடம் ஆணி வாங்கப் போகிறவர் வெறும் வாடிக்கையாளராக மட்டும் இருக்க முடியாது. அவருடைய மகன் அந்த வகுப்பில் படித்தவனாக இருப்பான். ஒரே ஆளைப் பல உறவுகளில் சந்தித்துக்கொண்டே இருந்ததால், ஓரிடத்தில் ஏமாற்றினால் அதன் கெட்ட பெயர் எல்லா இடத்திலும் முன்னால் போய் நின்றது.

இனி கடனுக்கு வருகிறேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அயோவா மாநிலத்தில் சில ஆண்டுகள் வசித்தபோது, ஒரு கவுன்ட்டி அருங்காட்சியகத்தில் மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு கருவியைப் பார்த்தேன். ஒஹையோ மாநிலத்தின் அலையன்ஸ் நகரில் இருந்த மெக்காஸ்கி நிறுவனம் செய்த கணக்குப் பெட்டி அது. பெரிய புத்தகம் ஒன்றை நிமிர்த்தி விரித்தாற்போல் உலோகத் தகடுகள் கீல்களில் திரும்பும். ஒவ்வொரு தகட்டிலும் எலிப்பொறிக் கம்பியைப் போன்ற கவ்விகள் வரிசையாக, எண் இடப்பட்டு இருக்கும். ஓர் எண் ஒரு குடும்பத்துக்கு உரியது. யாராவது சரக்கு வாங்கினால், கடைக்காரர் அந்தக் கவ்வியிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்து, புதுச் சீட்டின் தலையில் பழைய பாக்கியை எழுதி, அதன் கீழ் அன்று வாங்கியவற்றை எழுதி, கூட்டி, மை நகலை வாங்கியவரிடம் கொடுத்துவிட்டு அசல் சீட்டைக் கவ்வியில் செருகிவிடுவார். எனவே கடைசிச் சீட்டு ஒன்றைப் பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் மொத்தக் கடன் தெரிந்துவிடும். இரவில் உட்கார்ந்து பேரேட்டில் பதிய வேண்டிய வேலை இல்லை. அந்தத் தகடுகளைக் கையால் திருப்பிப் பார்த்தபோது, ஊரே அந்தப் பெட்டிக்குள் எண்ணிட்டு உட்கார்ந்திருந்ததை உணர்ந்தேன்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றவருக்குத் தெரியாத செய்தி என்ன இருந்திருக்க முடியும்? தொழிற்சாலையில் வேலை குறைந்தால் சீட்டுத் தொகை வாரா வாரம் ஏறும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வெண்ணெய் கூடுதலாகப் போகும். குழந்தை பிறந்தால், நோய் வந்தால், கணவர் குடிக்கத் தொடங்கினால், எல்லாமே பலசரக்கின் கணக்கில் ஏதோ ஒரு வரியாக வந்து நிற்கும். சம்பள நாளில் பாக்கியை அடைத்தவர்களின் குழந்தைகளுக்குக் கடைக்காரர் ஒரு பொட்டலம் மிட்டாய் இலவசமாகக் கொடுத்து அனுப்புவது வழக்கம். விவசாயிகள் அறுவடை முடிந்த பிறகே கணக்குத் தீர்த்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் விவசாயி வீட்டுப் பெண்கள் கொண்டுவந்த முட்டையும் பாலேடும் பாக்கியில் கழிக்கப்பட்டன. சிறுவன் ஒருவன் காசில்லாமல் வந்து, அம்மா ரொட்டி வாங்கிவரச் சொன்னாள் என்றால் அது போதும். அவன் யார் மகன் என்று தெரிந்திருப்பதே அங்கு ஈடாக இருந்தது.

இந்தக் கடன் கருணையால் வந்ததன்று. கடனுக்குக் கொடுக்கும் செலவும், வசூலாகாமல் போகும் பாக்கியும் சரக்கின் விலையிலேயே சேர்ந்திருந்தன. அதனால்தான் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஏ அண்ட் பி போன்ற கடைகள், ரொக்கம் கொடுத்து நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. 1902இல் வயோமிங் மாநிலத்தின் கெம்மரர் என்ற சுரங்க ஊரில் தொடங்கி நாடெங்கும் மெயின் ஸ்ட்ரீட் எனப்படும் ஊர்க் கடைத்தெருக்களில் பரவிய ஜே.சி. பென்னி துணிக்கடைகளும் 1950களின் பிற்பகுதி வரை ரொக்கத்துக்கு மட்டுமே விற்றன. ஆகவே ஒரு குடும்பம் கையில் பணம் இருந்தபோது ஏ அண்ட் பியிலும், இல்லாதபோது தெருமுனைக் கடையிலும் வாங்குவது சாதாரணமாக நடந்தது; தெருமுனைக் கடைக்காரருக்கு அதில் ஏற்பட்ட மனக்கசப்பும் சாதாரணமானதுதான்.

கடனுக்கு நற்பெயரே ஈடு என்றால், பெயரைக் கண்காணிக்கவும் ஆள் இருந்தே தீரும். ஊர் வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து யார் பாக்கி தருவதில்லை என்ற பட்டியலைப் பகிர்ந்துகொண்டார்கள். அட்லான்டாவில் 1899இல் தொடங்கிய ரீடெய்ல் கிரெடிட் கம்பெனியின் ஆட்கள் வீடு வீடாக விசாரித்து, ஒருவரின் குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, நடத்தை ஆகியவற்றைக்கூட எழுதி வைத்தார்கள். அந்தக் கோப்புகளில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை அமெரிக்கர்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. திருமணமான பெண்ணின் நிலை இன்னும் மோசம். கடையில் தினமும் நின்று வாங்குபவர் அவர். கணக்கு மட்டும் கணவர் பெயரில் இருந்தது. கணவர் இறந்தாலோ பிரிந்தாலோ பல ஆண்டுகள் ஒழுங்காகப் பாக்கி தீர்த்த அந்தப் பெண்ணுக்கென்று ஒரு நற்பெயரும் மிஞ்சாது. கடன் கொடுப்பதில் பெண் என்பதாலும் மணநிலையாலும் வேறுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1974இல்தான் வந்தது.

விலையைப் பற்றி ஒரு செய்தி இன்று பலருக்கும் தெரியாது. 1931இல் கலிபோர்னியா தொடங்கிவைத்து, 1941க்குள் அப்போதிருந்த 48 மாநிலங்களில் 45 மாநிலங்கள் ஒரு வகைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தன. ஒரு பற்பசையோ மருந்தோ சவரக்கத்தியோ இந்த விலைக்குக் கீழே விற்கப்படக் கூடாது என்று அதைத் தயாரித்தவர் ஒரு கடைக்காரருடன் ஒப்பந்தம் போட்டால், அந்த மாநிலத்தின் எல்லாக் கடைகளையும் அது கட்டுப்படுத்தும். மத்திய அரசு 1937இல் மில்லர்-டைடிங்ஸ் சட்டத்தால் அதற்கு வழிவிட்டது. 1951இல் உச்ச நீதிமன்றம் அதன் முதுகெலும்பை முறித்தபோது 1952இல் இன்னொரு சட்டம் இயற்றி நாடாளுமன்றம் அதை நிமிர்த்தியது. 1975இல்தான் அது முழுமையாக ஒழிந்தது. மருந்துக் கடைக்காரர்களின் சங்கங்கள் இதற்காகக் கடுமையாகப் போராடின. வாங்குபவருக்கு இதனால் செலவு கூடியது என்பது உண்மை. ஆனால் இதன் விளைவை மனிதப் பழக்கத்தின் பக்கம் நின்று பாருங்கள்: இரண்டு கடைகளிலும் ஒரே விலை என்றால், எந்தக் கடைக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பது கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் மனிதரே. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து மருந்து கலந்து தருபவரிடம்தான் ஊர் போகும். இனிமையாகப் பேசுவதும் வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரிப்பதும் அன்று வியாபாரப் போட்டியின் பகுதியாக இருந்தன.

மருந்துக் கடை என்றதும் சோடா விற்ற அந்த நீண்ட பளிங்குப் பலகையையும் சொல்லாமல் முடியாது. கோகோ-கோலாவின் விலை 1886 முதல் 1950களின் இறுதி வரை பெரும்பாலும் 5 சென்ட்டாகவே இருந்ததால், பள்ளி விட்டு வரும் பிள்ளை ஒரு நிக்கல் நாணயத்தோடு அங்கே மணிக்கணக்கில் உட்கார முடிந்தது. பல ஊர்களில் இளைஞர்களுக்கு அதைத் தவிர உட்கார வேறு இடமும் இல்லை.

அடுத்தது கதவு. கதவைப் பூட்டாமல் இருந்ததற்கு அமைதி மட்டும் காரணமன்று. பூட்டினால் வீட்டு வேலை நடக்காது. குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன், ஐஸ்காரருக்காக 25, 50, 75, 100 ராத்தல் என்று நான்கு ஓரங்களிலும் அச்சிட்ட ஓர் அட்டையைச் சன்னலில் வைப்பார்கள். வேண்டிய எடை மேலே தெரியும்படி அட்டையைத் திருப்பி வைத்தால், அவர் தெருவிலிருந்தே பார்த்து, கட்டியை வெட்டி, இடுக்கியில் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் போய்ப் பெட்டியில் வைத்துவிட்டு வருவார். மளிகைக் கடைப் பையன் சரக்கைச் சமையலறை மேசைமீது வைத்துவிட்டுப் போவான். பால்காரர் விடியும் முன் வருவார்; முதல் நாள் காலிப் புட்டியின் கழுத்துக்குள் சுருட்டி வைத்த துண்டுச் சீட்டில், இன்று இரண்டு புட்டி, வெண்ணெய் ஒரு ராத்தல் என்று எழுதியிருக்கும். கடுங்குளிர் நாளில் பால் உறைந்து அட்டை மூடியைத் தூக்கிக்கொண்டு புட்டிக்கு மேல் எழுந்து நிற்கும் காட்சியை அந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் மறக்கவில்லை. இந்த ஏற்பாடுகள் ஒரே நாளில் போய்விடவில்லை. ஐஸ்காரர் 1940களிலேயே மறையத் தொடங்கினார், ஆனால் 1963இல்கூட அமெரிக்கர்கள் வாங்கிய பாலில் சுமார் 30 விழுக்காடு வீட்டு வாசலுக்கே வந்தது. 1975இல் அது 7 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது.

தபால்காரர் நகரங்களின் குடியிருப்புத் தெருக்களுக்கு நாளுக்கு இரண்டு முறை வந்தார். 1950இல் அது ஒரு முறையாகக் குறைக்கப்பட்டது. ஆஸ்கலூசா அளவிலான ஊர்களில் வீட்டுக்குத் தபால் வருவதே அரிது. காலையில் அஞ்சலகத்துக்குப் போய்த் தங்கள் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஊரில் பாதிப்பேர் தினமும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் சந்தித்தார்கள்.

தொலைபேசி இன்னும் நெருக்கமானது. ஒரே கம்பியில் ஐந்தாறு வீடுகள் இணைந்திருந்தன. இரண்டு நீள மணியும் ஒரு குறு மணியும் என்பதுபோல ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாள ஒலி உண்டு. யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும், கேட்க விரும்பியவர்கள் கேட்டார்கள். இணைப்பகத்தில் இருந்த பெண்ணிடம் எண்ணைச் சொல்ல வேண்டியதே இல்லை. மருத்துவர் வேண்டும் என்றால், அவர் இப்போது இன்னார் வீட்டுப் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், அங்கே இணைக்கிறேன் என்பார். தீ விபத்து என்றால் சங்கை ஒலிக்கச் செய்வதும் அவர்தான். அவசர உதவிக்கான 911 என்ற எண்ணில் அமெரிக்காவின் முதல் அழைப்பு அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் 1968 பிப்ரவரி 16 அன்றுதான் நடந்தது. 1951இல் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டிலிருந்து கலிபோர்னியாவின் அலமேடாவுக்கு இணைப்பாளர் உதவியின்றி நேராக எண் சுழற்றிப் பேசிக் காட்டிவிட்டார்கள். ஆனால் மெயின் மாநிலத்தின் பிரையன்ட் பாண்ட் என்ற ஊரில் கைப்பிடியைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி 1983 வரை இருந்தது. அதன் இணைப்புப் பலகை ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் இருந்தது.

வாரத்தின் உச்சம் சனிக்கிழமை இரவு. சுற்றுப்புற விவசாயிகள் குடும்பத்தோடு ஊருக்கு வருவார்கள், கடைகள் இரவு 9 மணியையும் தாண்டித் திறந்திருக்கும். மாலையிலேயே காரைக் கொண்டுவந்து சதுக்கத்தின் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அதில் உட்கார்ந்தபடியே போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அயோவாவில் ஊர் வாத்தியக் குழுவுக்காக வரி விதிக்க 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அனுமதி கொடுத்திருந்தது. அந்த வரியில்தான் பூங்கா மேடையில் கோடைகால இசை நடந்தது. சில ஊர்களில் வியாபாரிகள் பணம் போட்டு, கட்டடச் சுவரில் இலவசமாகத் திரைப்படம் காட்டினார்கள். படம் பார்க்க வந்தவர்கள் சரக்கு வாங்காமல் திரும்ப மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் யாருக்குக் கிடைத்தது என்பதே உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இருள் கவிந்த பின் கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று எல்லையில் பலகை வைத்த ஊர்கள் தெற்கில் மட்டுமல்லாமல் வடக்கிலும் நடுமேற்கிலும் இருந்தன. நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால் ஊழியர் விக்டர் ஹ்யூகோ கிரீன், கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டார். அது 1960களின் நடுப்பகுதி வரை தேவைப்பட்டது. எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்த அதே சோடா பலகையில் கறுப்பினத்தவர் வாங்கிக்கொண்டு வெளியே போகலாம், உட்காரக் கூடாது. கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் டாக்கம் மருந்துக் கடையில் 1958 ஜூலையில் இளைஞர்கள் நாள்தோறும் வந்து பேசாமல் உட்கார்ந்து, மூன்று வாரங்களில் அந்த வழக்கத்தை முறித்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போய், முதலில் வேறு பகுதியில் சில்லறைச் சாமான்கள் வாங்கி, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு உணவுப் பலகையில் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பலகையில் வாங்கிய காசை இந்தப் பலகையில் ஏன் வாங்க மறுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்த ரசீதே சான்று. அந்தக் கடை ஜூலை 25 அன்றுதான் இறங்கி வந்தது.

அடைக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று கடைத்தெருக்களை உண்டாக்கிக்கொண்டார்கள். வட கரோலினாவின் டர்ஹமில் ஹேட்டி என்ற பகுதி அப்படிப்பட்டது. கறுப்பினத்தவர் நடத்திய காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் அந்நகரில் இருந்தன. 1960களில் புதிய விரைவுச் சாலைக்காகவும் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும் ஹேட்டியின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. மிசிசிப்பி டெல்டாவில் சீனக் குடும்பங்கள் நடத்திய மளிகைக் கடைகள் கறுப்பினத் தொழிலாளிகளுக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்தன என்பதும் அந்தக் காலத்துச் சித்திரத்தில் சேர வேண்டியது.

மறைந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். பலரும் பெரிய தள்ளுபடிக் கடைகளைச் சொல்வார்கள். எனக்கு அது கடைசிக் காரணம். முதல் காரணம் நிலத்தில் இருந்தது. 1940இல் அமெரிக்கப் பண்ணைகளில் சுமார் 3 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். டிராக்டர் பெருகிப் பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்ததில், 1960இல் அது ஏறத்தாழ 1.5 கோடியாகச் சுருங்கியது. சனிக்கிழமை இரவு கடைத்தெருவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இருபது ஆண்டுகளில் காணாமல் போனார்கள் என்றால் எந்தக் கடை தாங்கும்? அதே காலத்தில் நாட்டில் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்கள் சுமார் 1,17,000 என்பதிலிருந்து 40,000 அளவுக்கு இணைக்கப்பட்டன; பள்ளி போன ஊரில் வெள்ளிக்கிழமைக் கால்பந்தாட்டமும் அதற்கு வந்த கூட்டமும் போயின. 1950இல் 9 விழுக்காடு வீடுகளில் இருந்த தொலைக்காட்சி 1960இல் ஏறத்தாழ 87 விழுக்காடு வீடுகளுக்கு வந்துவிட்டது. சனி இரவில் வெளியே போக வேண்டிய தேவை அதனோடு குறைந்தது.

பிறகுதான் கார். இதிலும் ஒரு சின்ன வரலாறு உண்டு. உலகின் முதல் வாகன நிறுத்தக் கட்டணக் கருவி 1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா சிட்டியில் நாட்டப்பட்டது. கடைத்தெருவில் வேலை செய்தவர்களே நாள் முழுதும் காரை நிறுத்தி இடத்தை அடைத்துக்கொண்டதால் வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கவில்லை என்று வியாபாரிகள் புகார் செய்ததே காரணம். மணிக்கு 5 சென்ட் போட்டு ஓரளவு சமாளித்த அந்தச் சிக்கலை, நகருக்கு வெளியே பரந்த இலவச நிறுத்துமிடம் போட்டவர்கள் முற்றாகத் தீர்த்துவிட்டார்கள். 1956இல் 41,000 மைல் விரைவுச் சாலைகளுக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று மினசோட்டாவின் எடினாவில், முழுவதும் கூரையிட்ட முதல் வணிக வளாகமான சவுத்டேல் திறந்தது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்தவர்; மக்கள் கூடிப் பேசும் ஊர் நடுவத்தைத்தான் அவர் உருவாக்க நினைத்தார்.

1962ஆம் ஆண்டு ஒன்றிலேயே மிச்சிகனின் கார்டன் சிட்டியில் கேமார்ட்டும், மினசோட்டாவின் ரோஸ்வில்லில் டார்கெட்டும், ஆர்கன்சாவின் ராஜர்ஸில் வால்மார்ட்டும் தங்கள் முதல் கடைகளைத் திறந்தன. இவர்களில் வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்தே வந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1945இல் ஆர்கன்சாவின் நியூபோர்ட்டில் பென் பிராங்க்ளின் சில்லறைச் சாமான் கடையை வாங்கி நடத்திய அவர், குத்தகையை நீட்டிக்க இடத்துக்காரர் மறுத்ததால் 1950இல் சுமார் 3,000 பேர் வாழ்ந்த பென்டன்வில் சதுக்கத்தில் புதுக்கடை போட்டார். அந்தக் கடையிலேயே விற்பனையாளர் எடுத்துத் தரும் வழக்கத்தை விட்டு, வாங்குபவரே எடுத்துக்கொண்டு வாசலில் பணம் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்த ஒரு மாற்றத்தில், வாங்குபவர் கேட்டு விற்பவர் எடுத்துக் கொடுக்கும் உரையாடல் இல்லாமல் போய்விட்டது.

கடனுக்கும் ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1958 செப்டம்பரில் உடைந்தது. பேங்க் ஆப் அமெரிக்கா கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலே, கடன் அட்டையைத் தபாலில் அனுப்பிவைத்தது. 4 விழுக்காட்டுக் கணக்குகள் தவணை தவறும் என்று எதிர்பார்த்த வங்கிக்கு, திட்டம் விரிந்தபோது 22 விழுக்காடு தவறியது. ஆளைத் தெரிந்து கடன் கொடுத்தவர் கையில் எவ்வளவு அறிவு இருந்தது என்பதை அந்த எண் காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். ஆனாலும் வங்கி பின்வாங்கவில்லை. 1976இல் விசா என்று பெயர் மாறியது அந்த அட்டைதான். எந்த ஊரிலும், யார் என்று கேட்காமல், கணவர் யார், தந்தை யார் என்று கேட்காமல் கடனுக்கு வாங்கும் சுதந்திரத்தை அது கொடுத்தது. கிரீன்ஸ்பரோ மாணவர்களின் இடத்திலிருந்தோ, தன் பெயரில் கணக்கு இல்லாத பெண்ணின் இடத்திலிருந்தோ பார்த்தால், அது சிறிய லாபமன்று.

முற்றிலும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. அயோவாவில் நான் பார்த்த ஊர்களில் மளிகைக் கடை மூடிக் கிடந்தாலும், தானியக் கிடங்கு நடத்தும் கூட்டுறவு அலுவலகம் திறந்திருந்தது. விதையும் உரமும் வசந்தத்தில் கணக்கில் எழுதிக் கொடுத்து, இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் வந்ததும் கழித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இன்னும் நடக்கிறது. காலை ஏழு மணிக்கு அந்த அலுவலகத்தின் காப்பிக் கெண்டியைச் சுற்றி ஐந்தாறு விவசாயிகள் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள்.